போத்தலுக்குள் எத்தனை கிலோ? வன்னி மக்கள் அறிவியல் செய்தியை எதிர்கொள்ளும் விதம்

2021ஆம் ஆண்டு காலபோகம். இலங்கையின் வடக்கே, வன்னியில் விதைப்பு நடந்துகொண்டிருந்த ஒக்ரோபர், நவம்பர் நாள்களில் ‘நனோ நைதரசன்’ என்ற பெயர் வயல் வரம்பு வரை வந்து சேர்ந்தது. இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் அவ்வாண்டு மே மாதமே வர்த்தமானி மூலம் நிறுத்தியிருந்தது. கமநல சேவை நிலையங்களில் யூரியா இல்லை. எங்காவது ஒளித்து விற்கப்பட்ட மூடையின் விலையோ கிட்ட நெருங்க முடியாதது. அந்த வேளையில்தான் இந்தியாவிலிருந்து திரவப் பசளை வருகிறது, அரை லீற்றர்ப் போத்தல் ஒன்று யூரியா மூடை ஒன்றின் வேலையைச் செய்யும் என்ற செய்தி பரவியது. நவம்பர் தொடக்கத்தில் இந்திய விமானப்படையின் இரண்டு பெரிய விமானங்கள் 100 தொன் திரவத்தைக் கட்டுநாயக்கவில் இறக்கின.

வன்னிக் கமக்காரரிடமிருந்து மறுமொழி வர நேரம் எடுக்கவில்லை. “மூடைக்குப் பதில் போத்தல் எண்டால், நாளைக்குச் சோத்துக்குப் பதில் குளிசையோ?” எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் வந்த கேள்வியில் சிரிப்பு இல்லை. “தம்பி, உந்தப் போத்தலுக்குள்ள எத்தினை கிலோ சத்துக் கிடக்கு?”

இந்தக் கேள்விக்கு விடை போத்தலின் சுட்டியிலேயே இருந்தது. நைதரசன் 4 வீதம். அரை லீற்றரில் 4 வீதம் என்றால் 20 கிராம். யூரியாவில் நைதரசன் 46 வீதம். இந்தியாவில் விற்கும் 45 கிலோ மூடையில் அது 20 கிலோவுக்குச் சற்று அதிகம். ஆக, மூடைக்கும் போத்தலுக்கும் இடையில் ஆயிரம் மடங்கு வித்தியாசம். உற்பத்தியாளர் தந்த விளக்கம், துகள் மிகமிகச் சிறியது, இலைத் துளைகள் வழியாக நேரே உள்ளே போகும், வீணாகாது என்பது. அதற்கும் இடம் கொடுத்துப் பார்ப்போம். வயலில் எறியும் யூரியாவில் பாதிக்கு மேல் ஆவியாகவும் நீரோடும் போய்விடுகிறது என்பது உண்மை. பயிருக்குச் சேர்வது மூன்றில் ஒரு பங்கு என்றே எடுத்தாலும் அது ஏழு கிலோ நைதரசன். போத்தலில் உள்ளது ஒரு சொட்டும் வீணாகாமல் பயிருக்குள் போனாலும் 20 கிராமைத் தாண்டாது. அரிசியில் நைதரசன் ஏறத்தாழ 1.2 வீதம் இருப்பதால், அந்த 20 கிராமைக் கொண்டு பயிர் உருவாக்கக்கூடியது ஒன்றரைக் கிலோ அரிசி அளவே. இலையும் வைக்கோலும் இந்தக் கணக்கில் இல்லை.

2023இல் கோப்பன்ஹேகன் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் மண்ணியல் ஆய்விதழ் ஒன்றில் இதே ஐயத்தை விரிவாக எழுதினார்கள். இலைத் துளை வழியாகத் துகள் நுழைகிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை, போத்தலில் உள்ள நைதரசன் பயிரின் தேவைக்குக் கிட்டவும் வராது என்பதே அவர்களின் வாதம். பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் இரண்டு ஆண்டுகள் செய்த வயற்சோதனையில், யூரியாவின் ஒரு பகுதிக்குப் பதிலாக நனோ யூரியா (இந்தியாவில் அந்தத் திரவத்தின் பெயர்) தெளித்த நெல்லிலும் கோதுமையிலும் விளைச்சல் குறைந்தது. உற்பத்தி நிறுவனம் இன்றும் தன் பொருளை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறது, விற்பனையும் நடக்கிறது. ஆனால் காலவரிசையைக் கவனியுங்கள். கமக்காரர் கேட்டது 2021இல். ஆய்விதழில் அது எழுதப்பட்டது 2023இல். நடுவில் ஒரு காலபோகம் பாழாய்ப் போனது, நாடு முழுவதும் நெல் விளைச்சல் பெருமளவு வீழ்ந்தது, தடையும் 2021 நவம்பரிலேயே தளர்த்தப்பட்டுவிட்டது.

அறிவியல், தொழில்நுட்பச் செய்திகளை வன்னி மக்கள் எதிர்கொள்ளும் விதத்தை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இரண்டு வகையாக விளங்கிக்கொள்கிறார்கள். படிப்பறிவு குறைந்த இடம், புதியதை நம்பமாட்டார்கள் என்பது ஒன்று. எதையும் நக்கலடிக்கும் குணம் என்பது மற்றது. இரண்டையும் நான் ஏற்கவில்லை. வன்னியில் எழும் நக்கலுக்குள் அநேகமாக எப்போதும் ஓர் அளவு கேட்கப்படுகிறது. எவ்வளவு, எவ்வளவு காலத்துக்கு, பழுதானால் ஆர் திருத்துவது, காசு ஆர் கட்டுவது என்பவைதான் திரும்பத் திரும்ப வரும் நாலு கேள்விகள். செய்தி இந்த நாலுக்கும் பதில் வைத்துக்கொண்டு வந்தால் நக்கல் அடங்கிவிடும்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்கு வரலாற்றில் காரணம் இருக்கிறது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றறி, பெற்றோல், மண்ணெண்ணெய், பசளை, சவர்க்காரம் முதற்கொண்டு நீண்ட பட்டியல் ஒன்று வன்னிக்குள் வர முடியாமலோ, அளவாகவோதான் வந்தது. மின்சாரம் அறவே இல்லை. வானொலிச் செய்தி கேட்பதற்கு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சில்லைச் சுற்றினார்கள். சைக்கிள் டைனமோ தருவது 6 வோல்ற், 3 வாற், அதுவும் ஆடலோட்டம். வானொலிக்குத் தேவை நேரோட்டம். எனவே டயோட்டும் கொள்ளளவியும் வேண்டும், சுற்றும் வேகம் மாறினால் குரல் இழுபடும் என்பதையெல்லாம் பாடப்புத்தகம் திறக்காத பிள்ளைகளும் தெரிந்துவைத்திருந்தார்கள். மோட்டார் சைக்கிளைக் கொஞ்சம் பெற்றோல் விட்டு உயிர்ப்பித்து, இயந்திரம் சூடான பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கரி படியும், புகை கக்கும், இயந்திரத்தின் ஆயுள் குறையும். எத்தனை மைலுக்கு ஒருமுறை தீப்பொறிச் செருகியைக் கழற்றித் துடைக்க வேண்டும் என்பது ஓட்டியவர் எல்லோருக்கும் மனப்பாடம். ஒரு கருவி வேலை செய்யும் என்ற பேச்சு அவர்களுக்குப் போதவில்லை. எந்த நிலையில், எவ்வளவு நேரம், எதை இழந்து வேலை செய்யும் என்பதைக் கையால் அறிந்த தலைமுறை அது. அவர்களும் அவர்கள் வளர்த்த பிள்ளைகளும்தான் இன்று செய்தி வாசிக்கிறார்கள்.

மறுபக்கத்தில், செய்தியின் கோளாறையும் சொல்ல வேண்டும். ஓர் ஆய்வு தமிழ் வாசகரிடம் வந்து சேரும் வழி நீளமானது. ஆய்விதழ், பல்கலைக்கழகத்தின் ஊடக அறிக்கை, ஆங்கிலச் செய்தி நிறுவனம், பிறகு மொழிபெயர்ப்பு. ஒவ்வொரு படியிலும் ஏதோ ஒன்று கழன்று விழுகிறது. பெரும்பாலும் விழுவது கட்டுப்பாடுகள்தான். எலியில் செய்த சோதனை, முப்பது பேரில் செய்த சோதனை, ஆய்வுகூடத்து வெப்பநிலையில் செய்த சோதனை என்ற சொற்கள் முதலில் போகின்றன. 2014இல் பிரித்தானிய மருத்துவ ஆய்விதழ் வெளியிட்ட ஓர் ஆய்வு, பிரித்தானியாவின் 20 முன்னணிப் பல்கலைக்கழகங்கள் வெளியிட்ட 462 ஊடக அறிக்கைகளைச் சோதித்தது. 40 வீதமானவற்றில் மிகைப்படுத்திய அறிவுரை இருந்தது. 33 வீதமானவற்றில், தொடர்பு மட்டும் கண்ட இடத்தில் காரணம் கண்டதாகச் சொல்லப்பட்டிருந்தது. விலங்குகளில் கண்டதை மனிதருக்குப் பொருத்தியவை 36 வீதம். மிகைப்பு செய்தியாளரிடம் மட்டும் தொடங்கவில்லை, ஆய்வு செய்த இடத்தின் அறிக்கையிலேயே தொடங்கிவிடுகிறது என்பது அந்த ஆய்வின் முடிவு. இத்தனை படி தாண்டி வந்த செய்தியைப் பார்த்து “உது சரி, ஆரில செய்து பாத்தவையாம்?” என்று கேட்கும் கிழவர், கழன்று விழுந்த அதே சொல்லைத்தான் தேடுகிறார்.

கூகிள் பலூன் கதை இன்னும் தெளிவான உதாரணம். 2015 ஜூலையில் இலங்கை அரசாங்கம் கூகிள் நிறுவனத்துடன் உடன்படிக்கை செய்தது. தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை எல்லாக் கிராமங்களுக்கும் ‘லூன்’ பலூன்கள் மூலம் இணையம் வரும், சில மாதங்களில் வேலை முடிந்துவிடும் என்று அறிவிக்கப்பட்டது. உலகிலேயே முதல் நாடாக வருவோம் என்றும் பேச்சு. கோபுரத்தின் அலை எட்டாத ஊர்கள் அப்போது வன்னியில் நிறைய. போன் கதைக்க வேண்டுமென்றால் குளக்கட்டில் ஏறி நிற்க வேண்டிய இடங்கள் அவை. செய்தி யாருக்கு இனித்திருக்க வேண்டுமோ அவர்களிடம்தான் முதல் கேள்வி எழுந்தது. “காத்து மாறினால் உந்தப் பலூன் ஆற்றை ஊருக்குப் போகும்?”

நக்கலாகத் தெரியும் இந்தக் கேள்வி அந்தத் தொழில்நுட்பத்தின் மையப் பிரச்சினை. லூன் பலூனில் இயந்திரச் சுழலி எதுவும் இல்லை. ஏறத்தாழ 20 கிலோமீற்றர் உயரத்தில், காற்று வெவ்வேறு அடுக்குகளில் வெவ்வேறு திசைக்கு வீசுகிறது. பலூன் ஏறி இறங்கித் தனக்கு வேண்டிய திசைக்காற்றைப் பிடித்துக்கொள்ளும். தொடக்கத்தில் திட்டம், பலூன்கள் உலகைச் சுற்றி மிதந்துகொண்டே இருக்கும், ஒன்று விலகிப் போக அடுத்தது வந்துவிடும் என்பதாக இருந்தது. பிறகு ஒரே இடத்தின் மேல் நிறுத்திவைக்கக் கற்றார்கள், அதற்கு இயந்திரக் கற்றலையும் பயன்படுத்தினார்கள். பொறியியலாகப் பார்த்தால் அது பெரும் சாதனை. இலங்கையில் அது வராமல் போனதற்குக் காரணம் வேறு. எந்த அலைவரிசையை ஒதுக்குவது, அது சர்வதேச விதிகளுக்கும் உள்நாட்டு நிறுவனங்கள் காசு கட்டிப் பெற்ற உரிமைக்கும் முரணாகாதா என்ற சிக்கல் தீரவில்லை. 2016 பெப்ரவரியில் சோதனைப் பலூன் ஒன்று இலங்கை வானுக்கு வந்தது, கம்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் ஒரு பலூன் இறங்கியது என்ற செய்தியும் வந்தது. அதற்குப் பிறகு ஓசை அடங்கிவிட்டது. செலவைக் குறைக்க வழி தெரியவில்லை என்று சொல்லி, 2021 ஜனவரியில் தாய் நிறுவனமே திட்டத்தை மூடியது. 2015இல் எத்தனை பக்கம் எழுதினார்கள், மூடியதை எத்தனை வரியில் எழுதினார்கள் என்று ஒப்பிட்டால், மக்கள் ஏன் அடுத்த அறிவிப்பையும் அரைக் காதால் கேட்கிறார்கள் என்பது விளங்கும். வன்னிக்கு இணையத்தைக் கொண்டுவந்தவை கடைசியில் நிலத்தில் நட்ட கோபுரங்கள். 2025இல் ஸ்டார்லிங்க் இலங்கைக்கு வந்தபோது கேள்வி பலூனின் காற்றிலிருந்து மாதக் கட்டணத்துக்கு மாறியிருந்தது. பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் என்று தெரிந்ததும் பேச்சு முடிந்தது. அந்தத் தொழில்நுட்பத்தை யாரும் ஐயப்படவில்லை.

2019இல் விண்ணுக்குப் போன ‘இராவணா-1’ பற்றியும் இப்படித்தான் பேச்சு எழுந்தது. ஒரு கிலோவும் ஐம்பது கிராமும் எடையுள்ள, ஜப்பானின் கியூஷூ தொழில்நுட்ப நிறுவகத்தில் இலங்கை இளம் பொறியியலாளர் இருவர் கட்டிய பயிற்சிச் செய்மதி அது. பயிற்சி என்று சொல்லியிருந்தால் யாரும் குறைவாகப் பேசியிருக்கமாட்டார்கள். நாடு விண்வெளி யுகத்துக்குள் புகுந்துவிட்டதாக எழுதியபோதுதான் எடை கேட்கப்பட்டது.

கண்ணிவெடி அகற்றும் செய்திகளில் வன்னி வாசகருக்கு உள்ள அதிகாரம் உலகில் அநேகருக்கு இல்லை. 2016இல் ‘மைன் கபோன்’ என்ற ட்ரோன் பற்றிய காணொளி உலகம் முழுவதும் சுற்றியது. பறந்துபோய் நிலத்தை வரைபடமாக்கும், உலோகங்காட்டியால் கண்ணியைக் கண்டுபிடிக்கும், மேலே வெடிமருந்தை வைத்துவிட்டு விலகும், பத்து ஆண்டுகளில் உலகிலுள்ள எல்லாக் கண்ணிகளையும் அகற்றிவிடலாம் என்று அதை உருவாக்கியவர் சொன்னார். பொதுமக்களிடம் நிதியும் திரண்டது. இந்தக் காணொளியைக் கிளிநொச்சி மாவட்டத்தின் வடக்கு எல்லையான முகமாலையில் வேலை செய்யும் ஒருவருக்குக் காட்டினால் என்ன சொல்வார்? “பறந்து பாக்கிறது ட்ரோன், குந்தியிருந்து கிளறுறது ஆர்?”

அவர் கேட்பதற்குக் காரணம் மண்ணுக்குள் இருக்கிறது. முகமாலையில் ஆண்டுக்கணக்காகப் போர் முன்னரங்கு நின்றது. எறிகணைச் சிதறல், சன்னக்கூடு, முட்கம்பி என்று மண் முழுக்க இரும்பு. உலோகங்காட்டி எல்லாவற்றுக்கும் சத்தம் போடும். அகற்ற வேண்டிய கண்ணிகளிலோ பல மிகக் குறைந்த உலோகம் கொண்டவை. சத்தம் போட வேண்டியது மெதுவாகவும், தேவையற்றது உரக்கவும் சத்தமிடும் இடத்தில் பறக்கும் உலோகங்காட்டி என்ன செய்யும்? அதனால்தான் இங்கே விறாண்டி கொண்டு மண்ணை அடுக்கடுக்காக, குறித்த ஆழம் வரை இழுத்துப் பார்க்கும் முறை கைக்கொள்ளப்பட்டது. அந்த வேலையில் வன்னிப் பெண்கள் பெருமளவில் இருக்கிறார்கள், அவர்களில் பலர் குடும்பத்தைத் தனியே தாங்குபவர்கள். வெயிலில், கவச அங்கியும் முகமூடியும் அணிந்து, ஒரு நாளில் ஒருவர் முடிப்பது சில சதுரமீற்றர்தான். இலங்கை கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் 2017 டிசம்பரில் சேர்ந்தது. இன்றும் வேலை பெரும்பாலும் கையால்தான் நடக்கிறது. ட்ரோனுக்கு இந்தத் துறையில் பயன் இல்லை என்று நான் சொல்லவில்லை. எந்த நிலப்பரப்பில் முதலில் இறங்குவது என்று திட்டமிட, மேலிருந்து எடுத்த படம் உதவும். அதைச் சொல்லும் செய்தி வந்தால் முகமாலைப் பெண் கவனமாகக் கேட்பாள். தன் தொழிலைப் பத்து ஆண்டில் துடைத்துவிடலாம் என்ற செய்தியைக் கேட்டு அவள் சிரிப்பதில் நியாயம் முழுக்க இருக்கிறது.

இதைவிடச் சிக்கலானது சிறுநீரக நோய். காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் 1990களில் வடமத்திய மாகாணத்தில், மதவாச்சி, பதவியா பக்கங்களில் கவனத்துக்கு வந்தது. வவுனியா மாவட்டமும் அந்த வட்டத்துக்குள்தான். நீரிழிவோ இரத்த அழுத்தமோ இல்லாத கமக்காரர்களின் சிறுநீரகம் மெல்லமெல்லச் செயலிழந்தது. அன்றிலிருந்து இன்றுவரை ‘காரணம் கண்டுபிடிப்பு’ என்ற தலைப்பில் எத்தனையோ செய்திகள். கட்மியம் என்றார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவுடன் நடந்து 2013இல் வெளிவந்த ஆய்வு அதைச் சுட்டியது. 2014இல், கிணற்றின் கடின நீரும் களைநாசினியான கிளைபொசேற்றும் சேர்ந்துதான் என்ற கருதுகோள் வந்தது. அதன் சூட்டில் 2015இல் கிளைபொசேற் தடைசெய்யப்பட்டது, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடை தளர்ந்தது. புளோரைட்டு என்றார்கள், வெயிலில் வேலை செய்து நீர் குடிக்காமையால் வரும் நீரிழப்பு என்றார்கள், ஆசனிக்கு என்றார்கள்.

“ஒவ்வொரு வருசமும் ஒவ்வொரு காரணம். அடுத்த வருசத்துக்கு எது?” வவுனியாவில் இதைக் கேட்பவர் பலருக்கு வீட்டிலேயே ஒரு நோயாளி இருப்பார். இங்கே ஆய்வாளர்களின் பக்கமும் நின்று பேச வேண்டியிருக்கிறது. பல காரணங்கள் சேர்ந்து பல ஆண்டுகளில் உண்டாக்கும் நோயில், ஒவ்வோர் ஆய்வும் ஒரு துண்டைத்தான் காட்ட முடியும். நோயாளிகளின் சிறுநீரில் கட்மியம் கூடுதலாக இருப்பதைக் காண்பது தொடர்பைக் காண்பது. அதைக் குறைத்தால் நோய் குறைகிறதா என்று காண்பது காரணத்தைக் காண்பது. முதலாவதைச் செய்ய ஒரு பருவம் போதும், இரண்டாவதற்குப் பத்து ஆண்டுகள் வேண்டும். ஆய்விதழில் ‘தொடர்பு இருக்கக்கூடும்’ என்று எழுதியதைத் தலைப்பில் ‘காரணம் இதுதான்’ என்று ஆக்கிவிட்டால், அடுத்த துண்டு வரும்போது முதல் துண்டு பொய்யாகிப் போனதாக வாசகருக்குத் தோன்றும். விஞ்ஞானிகள் தடுமாறுகிறார்கள் என்ற எண்ணம் அப்படித்தான் உண்டாகிறது. அந்த எண்ணத்தின் விலை பெரியது. காரணம் தெளிவாகாத நிலையிலும், சுத்திகரித்த நீரைக் குடிப்பதும் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின் அளவைக் காலத்துக்குக் காலம் இரத்தத்தில் பார்ப்பதும் பயனுள்ளவை. ‘உவையளுக்கே தெரியாது’ என்று விட்டுவிடும் மனிதன் அந்தப் பரிசோதனைக்கும் போகமாட்டான்.

ஐயம் எந்த இடத்தில் கெடுதலாகிறது என்பதை மன்னாரின் நுளம்பு காட்டுகிறது. வன்னியில் மலேரியாவுக்கு ஆளாகாத குடும்பம் அரிது. குளோரோக்குயின் குளிசையின் கசப்பு ஒரு தலைமுறையின் நாக்கில் உண்டு. உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்ரோபரில் பதிவானார். 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே மன்னாரில் புதிய மலேரியா நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டதாகச் செய்தி. “ஒழிஞ்சிட்டுதெண்டு சேட்டிபிக்கற் தந்தவை, மூண்டு மாசத்தில நுளம்பு வந்திட்டுதாம்!” கேட்டவுடன் நியாயமாகப் படும். உண்மையில் இரண்டு செய்திகளும் சரி. ஒழிந்தது ஒட்டுண்ணி. வந்தது அதைச் சுமக்கக்கூடிய இன்னொரு நுளம்பினம், அனோபிலிஸ் ஸ்டெபன்சி. வன்னியில் முன்பு மலேரியாவைப் பரப்பிய நுளம்பு வற்றும் ஆறுகளின் குட்டைகளில் பெருகியது. இந்தப் புதியது வீட்டுக் கிணற்றிலும் நீர்த்தாங்கியிலும் பெருகும். ஆகவே குடியிருப்புக்குள்ளேயே இருக்கும். மலேரியா உள்ள நாட்டிலிருந்து ஒட்டுண்ணியோடு ஒருவர் வந்து இறங்கினால், பரப்புவதற்கு ஆள் தயார். கிணற்றுக்கு வலை போடச் சொல்லியும், மீன் விடச் சொல்லியும், காய்ச்சல்காரரின் இரத்தத்தைச் சோதிக்கச் சொல்லியும் சுகாதாரப் பரிசோதகர் வருவது அதற்காகத்தான். அவரைச் சான்றிதழைச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டால், நுளம்புக்கு நாமே வழிவிட்டவர்களாவோம். ஒட்டுண்ணியையும் நுளம்பையும் பிரித்துச் சொல்ல இரண்டு வரி போதும். பல செய்திகளில் அந்த இரண்டு வரி இருக்கவில்லை.

புயல் எச்சரிக்கையிலும் இதே கதை. 2020 டிசம்பரில் ‘புரெவி’ முல்லைத்தீவுப் பக்கம் கரை கடக்கும் என்று சொல்லப்பட்டது. அது திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடைப்பட்ட கரையில் ஏறி, மன்னார் வளைகுடாவுக்குப் போய் நாள்கணக்கில் நின்றது. வரைபடத்தில் போட்ட கோட்டில் புயல் வரவில்லை என்று பகிடி பண்ணினார்கள். கோட்டைச் சுற்றி வரையப்படும் கூம்புதான் உண்மையான கணிப்பு. மையம் அந்தக் கூம்புக்குள் எங்கேயும் போகலாம், மழையும் காற்றும் கூம்புக்கு வெளியேயும் பரவும். 2004இல் ஆழிப்பேரலை அள்ளிக்கொண்டு போன முல்லைத்தீவுக் கரையில், எச்சரிக்கை ஒருமுறை பிசகியதாக நினைத்து அடுத்தமுறை வீட்டிலேயே இருந்துவிடும் ஒருவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியற்றுறையின் நாகமுத்து பிரதீபராஜா எழுதும் வானிலைக் குறிப்புகளை வடக்கில் ஏன் நம்பி வாசிக்கிறார்கள் என்றால், அவர் திகதியும் இடமும் தமிழில் சொல்லி எழுதுகிறார், நிலைமை மாறினால் மாறியதையும் எழுதுகிறார். கணிப்பு மாறுவது தவறல்ல என்பதை வாசகர் அப்படித்தான் பழகிக்கொள்கிறார்கள்.

கேள்வி கேட்பதும் கதவைச் சாத்துவதும் வேறு வேறு. பதில் வந்தால் மனம் மாறத் தயாராக இருக்கும் நக்கல் அறிவியலின் சொந்தப் பிள்ளை. பூநகரியிலும் மன்னாரிலும் 484 மெகாவோட் காற்றாலை என்ற செய்திக்கு, அலகு ஒன்று என்ன விலைக்கு, பறவைகள் வலசை வரும் பாதையில் ஏன் என்று கேட்டவர்கள் அந்த வகை. விலை 8.26 அமெரிக்க சதம் என்று வெளியான பிறகு அது நாடளாவிய வாதமானது, 2025 பெப்ரவரியில், அதை அமைக்க இருந்த இந்தியாவின் அதானி நிறுவனம் திட்டத்திலிருந்து விலகியது. காற்றாடி மேகத்தைக் கலைத்துவிடும், அதனால்தான் மழையில்லை என்று சொல்பவர்கள் மற்ற வகை. மழை மேகம் காற்றாடியின் இறக்கைக்கு எவ்வளவோ மேலே நிற்கிறது என்று சொன்னாலும் அவர்கள் பேச்சை மாற்றிக்கொள்வதில்லை. இரண்டு வகையினரையும் ஒரே தட்டில் வைத்து ‘எதிர்ப்பாளர்கள்’ என்று எழுதும் செய்தி, முதல் வகையினருக்கு அநீதி செய்கிறது.

இப்போது வயலுக்கு மருந்தடிக்கும் ட்ரோன் பற்றிய செய்திகள் வருகின்றன. பத்து நிமிடத்துக்குள் ஒரு ஏக்கர், முதுகு நோகாது, நஞ்சு உடம்பில் படாது என்கிறார்கள். மூன்றும் பெரிய நன்மைகள். அறக்கொட்டிப் பூச்சி அடித்த வயலில் கலனைச் சுமந்து நாள் முழுக்க நடந்தவருக்கு அதன் அருமை தெரியும். கேள்விகளும் வரத் தொடங்கிவிட்டன. ஒரு பற்றறி எத்தனை நிமிடம் பறக்கும், மாற்றுப் பற்றறி என்ன விலை, இறக்கை முறிந்தால் பரந்தனில் திருத்துவார்களா, கொழும்புக்கு அனுப்ப வேண்டுமா? இவற்றுக்கு விற்பவரே பதில் சொல்லிவிடலாம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. முதுகுக் கலனில் ஏக்கருக்கு நூறு லீற்றர் அளவில் தண்ணீர் கலந்து அடிக்கும் மருந்தை, ட்ரோன் பத்து லீற்றர் அளவில் கலந்து அடிக்கிறது. கரைசல் பத்து மடங்கு செறிவு, துளி மிகச் சிறியது, விழுவதும் மேலேயிருந்து. சிறுபோகத்தில், சோளகக் காற்று இரைந்து வீசும் மாதங்களில், அது பக்கத்து வயலுக்கும் வாய்க்காலுக்கும் எவ்வளவு தூரம் போகும்?

இதற்கு யாருடைய வாக்கையும் நம்பத் தேவையில்லை. துளி பட்டால் மஞ்சளிலிருந்து நீலமாக மாறும் தாள் இருக்கிறது, தெளிப்பு ஆய்வுகளில் வழமையாகப் பயன்படுவது. வயல் எல்லையிலிருந்து காற்று போகும் திசையில் 5, 10, 20, 40 மீற்றரில் குச்சி நட்டு ஒவ்வொன்றிலும் ஒரு தாளைக் கட்டலாம். கலனில் வெறும் தண்ணீரை நிரப்பி ட்ரோனைப் பறக்கவிட்டு, இறங்கிய பிறகு எந்தத் தாளில் எத்தனை நீலப் புள்ளி என்று எண்ணலாம். காலையில் காற்று ஓய்ந்திருக்கும்போது ஒருமுறை, மத்தியானச் சோளகத்தில் ஒருமுறை. கமக்காரர் அமைப்பின் கூட்டம் கூடும் நாளிலேயே, எல்லோரும் பார்த்திருக்க, விவசாயப் போதனாசிரியர் ஒருவரால் இதைச் செய்துவிட முடியும். விற்பவரும் அங்கே வரட்டும். அந்த எண்களை எழுதும் செய்தியை வன்னியில் முழுவதுமாக வாசிப்பார்கள்.